மூக்கில் மோட்டார் வைத்த கிளைடர் ஏன் பல்டி அடிக்கிறது?

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். 12 வயது மகளோடு சேர்ந்து ஒரு பால்சா கிளைடர் ராக்கெட் கிட் கட்டியிருக்கிறார். நீளமான ஒற்றைக் குச்சி உடல், அதில் இறக்கையும் வாலும், முன்பக்கம் முதுகில் மோட்டாரைச் சுமக்கும் சின்னக் குழாய். கையால் எறிந்து பார்த்தபோது மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்ததாம், அதனால் வால் இறக்கையின் பின்விளிம்பைக் கொஞ்சம் மேலே வளைத்துவிட்டார்களாம், அப்புறம் அழகாக மிதந்ததாம். பி6-4 மோட்டார் போட்டு ஏவியதும் மரத்து உயரம்கூடப் போகாமல் முதுகுப் பக்கமாக ஒரு வட்டம் அடித்துத் தரையில் குத்தி மூக்கு உடைந்துவிட்டது. "ராக்கெட்டுக்கு இருக்க வேண்டிய துடுப்பே இதில் இல்லையே, கிட்டே தப்பா, பின்னால் நாலு துடுப்பு ஒட்டிவிடலாமா?" என்பது கேள்வி.

ஒட்டாதீர்கள். கிட்டில் தப்பில்லை. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது: அந்த வாலை வளைத்த இடம். அதைச் சரிசெய்து, மோட்டாரை ஒரு படி சின்னதாக்கினால் உங்கள் மகள் அது மேலே போய், குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, வட்டமடித்து இறங்குவதைப் பார்ப்பாள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் இந்த வகைக் கிட்டைச் சரிக்கட்டவே முடியாது.

சாதாரண மாடல் ராக்கெட்டுக்கு ஒரே வேலைதான். நேராக மேலே போக வேண்டும், பாராசூட் விரிய வேண்டும், அவ்வளவு. இதற்கு இரண்டு வேலை, இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. மேலே போகும்போது இறக்கை இருந்தும் இல்லாத மாதிரி நடந்துகொள்ள வேண்டும், கீழே வரும்போது அதே இறக்கை அதைத் தாங்க வேண்டும். இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கிளைடர் மிதக்கும்போது விநாடிக்கு 5 மீட்டர் வேகம் என்று வையுங்கள், மோட்டார் எரிந்து முடியும்போது 40 மீட்டர் என்று வையுங்கள். வேகம் 8 மடங்கு, விசை 64 மடங்கு. மிதக்கும்போது மூக்கை லேசாகத் தூக்கிப் பிடித்த அந்த வளைவு, ஏறும்போது 64 மடங்கு பலத்தோடு மூக்கைப் பின்னால் இழுக்கிறது. முதுகுப் பக்கமாகப் பல்டி அடித்தது அதனால்தான்.

ஆகவே இந்த வகைக் கிளைடருக்கு ஒரே ஒரு விதி மனதில் இருந்தால் போதும்: சமநிலையை எடையால் சரிசெய்யுங்கள், கோணத்தால் சரிசெய்யாதீர்கள். கையால் எறியும்போது மூக்கைக் குத்துகிறதா, எடைக்காக மூக்கில் ஒட்டியிருக்கும் களிமண்ணைக் கிள்ளி எடுங்கள், களிமண்ணே இல்லையென்றால் மூக்குக் கட்டையையே கொஞ்சம் தேய்த்துக் குறையுங்கள். வாலைத் தொடாதீர்கள். மூக்கைத் தூக்கி, ஒரு கணம் நின்று, சட்டென்று விழுந்து, மறுபடி தூக்குகிறதா, களிமண் சேருங்கள். இறக்கையும் வாலும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். கிட்டின் வரைபடத்தில் சின்னக் கோணம் கொடுத்திருந்தால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடையைப் பின்னால் தள்ளுவதற்கும் எல்லை உண்டு. வரைபடத்தில் சமநிலைப் புள்ளி குறித்திருப்பார்கள், இரண்டு விரல் நுனியில் இறக்கைக்கு அடியில் தாங்கிப் பார்த்து அதைத் தாண்டிப் பின்னால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் ஒரு காற்று தட்டினாலே தலைகுப்புறக் கவிழ்ந்து, திரும்ப நிமிராது.

சரி, துடுப்பு இல்லாமல் நேராக எப்படிப் போகும்? மோட்டார் முன்னால் இருப்பதுதான் அதற்குப் பதில். 18 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் உள்ள மோட்டார் கையில் எடுத்தால் சின்னதுதான், ஆனால் இந்தக் கிளைடரின் எடையோடு ஒப்பிட்டால் பெரும் பாரம். குழாயும் மோட்டாரும் மாட்டியிருக்கும் வரை ஈர்ப்பு மையம் நன்றாக முன்னால் போய்விடும், அப்போது இறக்கையும் வாலுமே அம்பின் இறகு செய்யும் வேலையைச் செய்யும். உச்சியில் குழாய் கழன்று விழுந்ததும் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்து, கிளைடர் மிதப்பதற்குத் தோதான இடத்துக்கு வரும். பின்னால் நாலு துடுப்பு ஒட்டினால் வால் கனத்துப்போகும், அதை ஈடுகட்ட மூக்கில் இன்னும் களிமண் வேண்டும், கடைசியில் ஏறவும் செய்யாது, மிதக்கவும் செய்யாது.

இந்த யோசனைக்கு முன்பு இருந்தது வேறு வழி. வெர்ன் எஸ்டஸ் கொலராடோவில் தொடங்கிய மாடல் ராக்கெட் கம்பெனியின் ஆஸ்ட்ரான் ஸ்பேஸ் ப்ளேன், 1961இல் வந்த கிட், அதில் மோட்டார் பின்னால்தான் இருந்தது. மோட்டார் உள்ளே இருக்கும் வரை அதன் கூடு இறக்கையின் பின்பக்க மடல்களை நேராக அமுக்கிப் பிடித்திருக்கும். உச்சியில் கூடு வெளியே தள்ளப்பட்டதும் மடல்கள் மேலே நிமிர்ந்து, அது கிளைடராகிவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. கோணம் ஏறும்போது ஆபத்து, இறங்கும்போது அவசியம் என்பதைப் புரிந்துகொண்டு, ஏறும்போது கோணத்தையே பூட்டி வைத்துவிட்டார்கள். ஆனால் கட்டுவது கஷ்டம், மடல் ஒரு பக்கம் சரியாக நிமிராவிட்டால் சுழன்றுகொண்டே விழும். அப்புறம் 1960களின் முற்பகுதியில் லேரி ரெங்கர் என்ற ராக்கெட் ஆர்வலர் ஸ்கை ஸ்லாஷ் என்ற மாடலில் மோட்டாரை முன்னால் கொண்டுவந்தார், அதன் பிறகு கழன்று விழும் குழாய் வந்தது. உங்கள் கையில் இருப்பது அந்த வம்சம். ஆங்கிலத்தில் பாப் பாட் என்பார்கள், நான் பாட் என்றே எழுதுகிறேன்.

இந்த பாட் எப்படிக் கழல்கிறது என்பதுதான் இந்தக் கிட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயம். பாட்டுக்கு அடியில் ஒரு கொக்கி மாதிரி பால்சாத் துண்டு, கிளைடரின் முதுகில் அதற்கான பள்ளம். மோட்டார் தள்ளும்போது பாட் முன்னால் போகப் பார்க்கும், பள்ளத்தின் முன்சுவரில் முட்டிக் கிளைடரை இழுத்துக்கொண்டு போகும், இணைப்பு இறுகும். மோட்டார் அணைந்த பிறகும் இறக்கையில் படும் காற்று கிளைடரைத்தான் அதிகமாகப் பின்னால் பிடித்து இழுக்கும், அதனால் இணைப்பு இறுகியே இருக்கும். எரிந்து முடிந்த சில விநாடியில், மோட்டாரின் முன்முனையில் இருக்கும் வெளித்தள்ளும் மருந்து வெடிக்கும்போது பாட்டின் மூக்குக் கூம்பு முன்னால் பறக்கும், எதிர்விசையில் பாட் பின்னால் உதைபடும், கொக்கி பள்ளத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒரு ஸ்பிரிங் இல்லை, ஒரு தாழ்ப்பாள் இல்லை, விசை எந்தப் பக்கம் வருகிறது என்பது மட்டுமே பூட்டையும் திறப்பையும் செய்கிறது.

ஆனால் இதற்கு அந்தக் கொக்கி தளர்வாக இருக்க வேண்டும். சோதிப்பது சுலபம். பயன்படுத்திய காலி மோட்டாரை பாட்டில் போட்டு, கிளைடரை மட்டும் பிடித்து மூக்கு வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். பாட் தன் எடையிலேயே வழுக்கி விழ வேண்டும். தட்டினால்தான் விழுகிறது என்றால் கொக்கியின் இரண்டு பக்கமும் 400 நம்பர் உப்புத்தாளால் ரெண்டு இழுப்பு, மறுபடி சோதனை. அடுத்து பாட்டை மட்டும் பிடித்து மூக்கை மேலே வையுங்கள், இப்போது கிளைடர் விழாமல் உட்கார வேண்டும், ஆட்டிப் பார்த்தால் இடம் வலமாக ஆடக்கூடாது. இடம் வலமாக ஆடினால் ஏறும்போது கிளைடர் கோணலாகி, ராக்கெட் திருகிக்கொண்டு போகும். முன்பின்னாகத் தாராளம், பக்கவாட்டில் கெட்டி, அதுதான் சரியான பொருத்தம். கொக்கியில் பெயிண்ட் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஈரப்பதமான நாளில் பால்சா உப்பும், அதனால் மைதானத்தில் ஏவுவதற்கு முன்பும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

கழன்ற பாட் ஒரு ரிப்பனைக் கட்டிக்கொண்டு தனியாக இறங்கும். சில சமயம் அந்த ரிப்பனோ ரப்பர் கயிறோ கிளைடரின் வாலில் சிக்கிக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே விழும். முதல் உலகப் போர் விமானி ஒருவரின் பட்டப்பெயரை வைத்து இதை ரெட் பேரன் என்பார்கள். முழுக்கத் தடுக்க வழியில்லை, குறைக்கலாம். ரிப்பனை இறுக்கமாகச் சுருட்டாமல் விசிறி மடிப்பாக மடித்து வையுங்கள், ரப்பர் கயிறை மிக நீளமாக விடாதீர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, வேகம் குறைந்த நேரத்தில் பிரியும்படி மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள்.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். மோட்டார் பெயரில் உள்ள எழுத்து மொத்த உந்துதலைச் சொல்லும், ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இருமடங்காகும்: ஏ என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி 5 வரை, சி 10 வரை. அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கோட்டுக்குப் பின்னால் உள்ள எண், எரிந்து முடிந்ததிலிருந்து வெளித்தள்ளும் மருந்து வெடிக்கும் வரை எத்தனை விநாடி என்பது. நீங்கள் போட்ட பி6-4 மெல்லிய சாதாரண ராக்கெட்டுக்கு அருமையான மோட்டார். அது எரிந்து முடிந்த பின் விநாடிக்கணக்கில் மிதந்து ஏறும், 4 விநாடி சரியாக இருக்கும். கிளைடர் அப்படியில்லை, அகன்ற இறக்கை காற்றைப் பிடிக்கும், சீக்கிரம் உச்சிக்கு வந்துவிடும், 4 விநாடி காத்திருந்தால் தலைகீழாகி வேகம் எடுத்த பிறகு பாட் பிரியும். அந்த வேகத்தில் பிரிந்தால் ஒன்று இறக்கை முறியும், இல்லாவிட்டால் கயிறு சிக்கும். முதலில் ஏ8-3 போடுங்கள். அது ஒழுங்காகப் போன பிறகு பி4-2 அல்லது பி6-2, அதாவது 2 விநாடிக்காரன். எல்லா நேரமும் கடையில் கிடைத்துவிடாது, கண்ணில் பட்டால் வாங்கி வையுங்கள். சி6 பக்கம் போகவே வேண்டாம், மெல்லிய பால்சா இறக்கை அந்த வேகத்தில் படபடவென்று நடுங்கி ஒரு சத்தத்தோடு பிய்ந்துபோகும். உங்கள் கிட் 13 மில்லிமீட்டர் குட்டி மோட்டாருக்கானது என்றால் அரை-ஏ வகையில் தொடங்குங்கள். எதுவானாலும் கிட்டின் தாளில் போட்டிருக்கும் பட்டியலுக்கு வெளியே போகாதீர்கள், அந்தப் பட்டியலுக்குள்ளேயே ஆகச் சின்னதை எடுங்கள்.

இப்போது கட்டுவது. மூக்கு மட்டும்தான் உடைந்தது என்றால் ஒட்டிவிடலாம், ஆனால் அதற்கு முன் இறக்கையை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். பால்சாவில் இரண்டு மூன்று வகை நார் ஓட்டம் உண்டு. பலகையின் மேல் சின்னச் சின்னப் புள்ளியும் மினுமினுப்பும் தெரிந்தால் அது குறுக்கே வளையாத கெட்டி வகை, இறக்கைக்கு அதுதான் வேண்டும். நீளக் கோடுகள் மட்டும் தெரிந்து, குழாயாகச் சுருட்ட வருகிற மாதிரி வளைந்தால் அது இறக்கைக்கு உதவாது. கிட்டில் வந்த பலகை அப்படி இருந்தால் தயங்காமல் ஹாபி கடையில் வேறு பலகை வாங்கி, பழையதை அச்சாக வைத்து வெட்டுங்கள். நார் இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும்.

உப்புத்தாள் வேலையில் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். தட்டைப் பலகையை அப்படியே ஒட்டினாலும் பறக்கும்தான், ஆனால் மிதக்கும் நேரம் குறைந்துபோகும். இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கட்டும். மேல்பக்கத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், அதுதான் மிகத் தடித்த இடம். அங்கிருந்து பின்விளிம்பு வரை சரிவாகத் தேய்த்து, பின்விளிம்பு தடித்த காகித அட்டை அளவுக்கு மெலிய வேண்டும். முன்விளிம்பை உருண்டையாக்குங்கள். உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு தேயுங்கள், விரலில் வைத்துத் தேய்த்தால் பள்ளம் விழும். 220இல் உருவம், 400இல் வழவழப்பு. இதை உங்கள் மகளிடம் கொடுங்கள், 12 வயதுக்குப் பொறுமை இருந்தால் பெரியவர்களைவிட நன்றாகவே வரும், தலையைத் திருப்பி விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒரே எடையா என்று சமையலறைத் தராசில் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

ஒட்டுவதற்கு மஞ்சள் மரப்பசை போதும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, மறுபடி மெல்லிசாகத் தடவி அழுத்துங்கள், நாரைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். குண்டு குண்டாகப் பசை வழிந்தால் அத்தனையும் எடை. இறக்கை நுனிகள் மேலே உயர்ந்து வி மாதிரி நிற்கும் கோணம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும், நுனிக்கு அடியில் அளந்து வெட்டிய கட்டைத் துண்டை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பளபளப்பான பெயிண்ட் வேண்டாம். ஒரு மெல்லிய பூச்சு சீலர், மேலே மார்க்கர் பேனா. அடிப்பக்கம் கறுப்பு அடித்தால் மேகத்தின் எதிரே தெளிவாகத் தெரியும், அது அழகுக்காக இல்லை, கண்ணிலிருந்து தவறாமல் இருக்க. மோட்டாரின் நெருப்பு குச்சி உடலின் மேல்தான் படும் என்பதால் அந்த இடத்தில் சில கிட்களில் அலுமினியத் தாள் ஒட்டச் சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். நிற்கும் வால் பல கிட்களில் அடிப்பக்கம் தொங்குவதும் அந்த நெருப்பிலிருந்து தப்பிக்கத்தான், தலைகீழாக ஒட்டிவிட்டோமோ என்று கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் வளைத்த வாலை நேராக்க, கெட்டிலின் ஆவியில் சில விநாடி காட்டி, எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்துப் பிடித்துக்கொண்டு ஆறவிடுங்கள். பிறகு மூக்கு ஒட்டிய பசையின் எடையையும் சேர்த்துப் பழையபடி கையெறி சோதனை, பாட் இல்லாமல், மோட்டார் இல்லாமல். புல்தரையில், காற்று அசையாத நேரத்தில், அதன் மிதக்கும் வேகத்திலேயே முன்னால் தள்ளிவிட வேண்டும், கல் எறிவது மாதிரி எறிந்தால் எந்தக் கிளைடரும் மூக்கைத் தூக்கும், அதை நம்பிக் களிமண் சேர்த்தால் எல்லாம் கெட்டுப்போகும். நேராக மிதக்க ஆரம்பித்ததும், ஒரு பக்க இறக்கை நுனியில் பட்டாணியில் பாதி அளவு களிமண் வைத்து லேசாக வட்டமடிக்க விடுங்கள். நேராகப் போகும் கிளைடர் பக்கத்து வட்டாரத்துக்குப் போய்விடும்.

ஏவுமேடையில் யாரும் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது, உங்கள் பல்டியில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். சாதாரண ராக்கெட்டில் மோட்டார் அடியில், அதைப் பற்றவைக்கும் இக்னைட்டரின் கிளிப்பும் ஒயரும் தரையோடு கிடக்கும். இதில் மோட்டார் நடுவானில், அதற்குக் கீழே குச்சி உடலும் வாலும். ராக்கெட் கிளம்பியதும் கிளிப்கள் அப்படியே வாலின் மேல் விழுந்து, ஒரு கணம் மாட்டி இழுத்தால் போதும், மேடையை விட்டுக் கிளம்பும்போதே கோணலாகிவிடும். அதனால் ராக்கெட்டை நேராகப் பிடித்திருக்கும் ஏவுகம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி நட்டு, ஒயரை மோட்டாரின் உயரத்தில் அதில் டேப் போட்டு ஒட்டுங்கள், கிளிப்கள் வாலிலிருந்து விலகிப் பக்கவாட்டில் தொங்க வேண்டும். ஏவுகம்பியில் ஒரு துணி கிளிப்பை மாட்டி அதன் மேல் பாட்டை உட்கார வையுங்கள், வால் நுனி கீழே உள்ள தகட்டில் முட்டாது.

மற்றவை வழக்கமானவைதான், ஆனால் வழக்கம் என்பதற்காக விட்டுவிடக்கூடாது. குறைந்தது 5 மீட்டர் தள்ளி நின்று, ஏவும் பெட்டியின் பாதுகாப்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணி ஏவுங்கள். பற்றாவிட்டால் சாவியைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துத்தான் கிட்டே போக வேண்டும். கம்பி செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. பி மோட்டாருக்குக் குறைந்தது 60 மீட்டர் அகலமான திறந்த வெளி என்பது விதி, கிளைடருக்கு அதைவிடப் பெரிய இடம் இருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். டெக்சாஸில் கோடையில் மாவட்டங்கள் தீத்தடை போடும், அன்றைக்கு ஏவாதீர்கள், சூடான மோட்டாரோடு பாட் காய்ந்த புல்லில்தான் விழும். பக்கத்தில் அமெரிக்க மாடல் ராக்கெட் சங்கமான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரியின் கிளப் இருந்தால் அவர்கள் ஏவும் நாளில் போய்விடுங்கள், கிளைடர் பறக்கவிடும் ஆள் ஒருவராவது இருப்பார், கொக்கியின் தளர்வை விரலால் தொட்டே சொல்லிவிடுவார். ஊருக்கு வரும்போது மருமகனுக்கு என்று மோட்டாரைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் சரி, பெரிய பெட்டியிலும் சரி, தடை. இங்கே இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று: கருமருந்து இடித்து வீட்டில் மோட்டார் செய்யும் எண்ணம் வேண்டவே வேண்டாம், விரல் போகும், சட்டப்படியும் குற்றம். கிளைடரை மட்டும் செய்து கையால் எறிந்து சமநிலைப்படுத்திப் பாருங்கள், இந்தக் கிட்டில் கற்க வேண்டியதில் பாதிக்கு மேல் அதிலேயே இருக்கிறது.

அடுத்த தடவைக்கான வரிசை: வாலை நேராக்குங்கள், மூக்கை ஒட்டுங்கள், எடையால் சமநிலைப்படுத்துங்கள், கொக்கியைச் சோதியுங்கள், ஒயரைப் பக்கக் கம்பியில் கட்டுங்கள், ஏ8-3. இறக்கையில் உங்கள் போன் நம்பரை எழுத மறக்காதீர்கள், வெயில் ஏறிய பிறகு மேலெழும் வெப்பக் காற்றில் மாட்டினால் அது இறங்காமலே போய்விடும். இதற்குப் பிறகும் பல்டி அடித்தால் எந்தப் பக்கமாக அடித்தது என்று பார்த்து எழுதுங்கள். முதுகுப் பக்கம் என்றால் இறக்கை வால் கோணம் இன்னும் மிச்சம் இருக்கிறது. வயிற்றுப் பக்கம் என்றால் பாட் அளவுக்கு மீறி உயரமாக நிற்கிறது, மோட்டாரின் விசை மேலிருந்து மூக்கை அமுக்குகிறது. பக்கவாட்டில் திருகினால் இரண்டு இறக்கையில் ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கும், அதை முன்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்.